பானுப்பிரியா பிடித்து வைத்த தண்ணீர்

சொர்ணம் டார்ச் அடித்ததும் குடத்துக்குள் தண்ணீர் நெளிந்தது.

தண்ணீர்தான் நெளிகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்த பிறகுதான், நெளிவது தண்ணீர் அல்ல, அதில் இருப்பவை என்று தெரிந்தது. நூல் துண்டுகள் போல நூற்றுக்கணக்கில். வெளிச்சம் பட்டவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் அடியை நோக்கி ஓடின.

அந்தக் குடம் நாற்பது நாளாக எங்கள் கூடத்தின் மூலையில் இருந்தது. என் மனைவி பானுப்பிரியா, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் தெருக்குழாயில் பிடித்து வைத்த தண்ணீர். ஐந்தாம் நாள் இறந்துபோனாள். டெங்கு என்றார்கள். அவள் படத்தைக் குடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மூடி போடவும் மனம் வரவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. அடுத்த வீடு துலுக்கானத்தினுடையது. அவர் வீட்டுப் பின்புறம் கழிவுநீர் ஒரு பள்ளத்தில் கறுப்பாகத் தேங்கி நிற்கும். அந்தப் பள்ளத்துக் கொசுதான் என் மனைவியைக் கொன்றது என்று மாநகராட்சிக்கு மனு எழுதினேன். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் என்றாலும் எனக்கு எழுத வரும். மனுவைக் கொடுப்பதற்கு முன் தெருவில் நின்று எல்லோரும் கேட்கும்படி படித்தும் காட்டினேன். துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அதற்குப் பிறகும் அவர் மனைவி நாகம்மா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. தினமும் காலையில் தூக்கில் சோறு கொண்டுவருவார். கூடத்து மூலையில், அந்தக் குடத்தை ஒட்டி உட்கார்ந்து, என் மகள் யுவராணிக்குத் தலை பின்னிவிடுவார். நான்கு நாளுக்கு முன் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்கும் டெங்கு.

இன்று வீடுவீடாகக் கொசுப்புழு பார்க்கும் சொர்ணம் வந்தார். முன்பு இரண்டு முறை அவர் வந்தபோது எங்கள் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது.

"மொதல்ல அந்தப் பள்ளத்தப் போய்ப் பாரும்மா. ஒருத்தி போயிட்டா, இன்னொருத்தி படுத்துகினு கீறா" என்றேன்.

"அத நேத்தே பாத்துட்டேன் சார். அது வேற கொசு. ராத்திரில கடிக்கும். டெங்கு கொசு பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி, நல்ல தண்ணியா பாத்து தான் முட்ட வக்கும். பகல்ல தான் கடிக்கும். ஊட்டுக்குள்ள இன்னா புடிச்சு வச்சிகீறீங்க, காட்டுங்க."

அப்படித்தான் அவர் டார்ச் குடத்துக்குள் போனது.

யுவராணி எட்டாவது படிக்கிறாள். குடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அடியில் போனவை ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கின.

"லார்வாப்பா. வாலுகிட்ட ஒரு குழாய் இருக்கு, அதால மூச்சு வாங்குது. அந்த உருண்டையா இருக்கறது பியூப்பா. அது நாளைக்கோ நாளன்னைக்கோ பறந்துடும்."

பாடம் ஒப்பிக்கும் குரல். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் உடைந்துவிட்டது.

"ஏரியிலயும் தண்ணிதானே நிக்குது?" என்றேன். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"அங்க மீன் கீது, தட்டான் குஞ்சு கீது. பாதிய தின்னுடும்" என்றார் சொர்ணம். "இங்க அத தின்ன யாரு கீறா?"

எதிரிகளே இல்லாத ஒரு குளத்தை நான் காவல் காத்து வந்திருக்கிறேன்.

சொர்ணம் குடத்தைத் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அவ புடிச்ச தண்ணிம்மா."

அவர் படத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொறக்கும்போதே அது நோயோட பொறக்காது சார். ஜுரம் வந்தவங்க ரத்தத்த குடிச்சா தான் அதுக்கு ஒட்டும். ஆனா இந்தத் தெருவுல ஏற்கெனவே ஏழு பேருக்கு ஜுரம். இது ரொம்பத் தூரமும் பறக்காது. பத்து ஊடு தாண்டாது."

பானுப்பிரியாவைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பிடித்த தண்ணீர் அவளைக் கொன்றிருக்க முடியாது. ஆனால் நாகம்மா தினமும் உட்கார்ந்த இடம் எனக்குத் தெரியும்.

"ஊத்திடுப்பா" என்றாள் யுவராணி.

வெயிலில், தெரு மண்ணில் ஊற்றினேன். ஒரு நிமிடம் துடித்தன. மண் தண்ணீரை இழுத்துக்கொண்டது.

அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். துலுக்கானம் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் காய்ந்த சேறு.

"பள்ளத்த மூடிட்டேன் வரதா" என்றார் என்னைக் கண்டதும். "விடிய விடிய மண்ணு கொட்டிகினு இருந்தேன். நீ எழுதினது தான் சரி. உம் பொண்டாட்டியையும் நான் தான் கொன்னேன். இப்ப எம் பொண்டாட்டியையும்..."

மனுவில் நான் எழுதியிருந்த பழி. அதை அப்படியே தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"அண்ணாத்தே, பள்ளம் இல்ல. எங்க ஊட்டுக் குடம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெருவுல வச்சு படிச்சியே டா" என்றார். "அத்தினி பேரு முன்னால."

"ஆமா."

"இப்ப உள்ள வந்து அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொன்னா பத்தாது."

நாகம்மா வலைக்குள் படுத்திருந்தார். அவர் ரத்தத்தைக் குடித்த கொசு வேறொருவரைக் கடிக்கக் கூடாது என்பதற்காக அந்த வலை. முகம் தெளிவாகத் தெரியவில்லை. வலைக்கு வெளியே நின்றுகொண்டே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இல்லை.

வலைக்குள் அவர் என் பக்கம் புரண்டு படுத்தார்.

"அவ புடிச்ச தண்ணியவா ஊத்திட்ட?" என்றார் நாகம்மா. "ஐயோ தம்பி."

துலுக்கானம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிட்டு, மனுவைத் திரும்ப வாங்கப் புறப்பட்டேன்.