மருமகளை அடிக்கிற சேவல்

தனபாலனுக்கு வாய் நீளம். தி.நகரில் காலமெல்லாம் ஜாக்கெட் துணி விற்றவருக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? கடையில் நீளட்டும், வியாபாரம் ஆகட்டும். வீட்டில், அதுவும் வாழ வந்த மருமகள் மேல் நீண்டதுதான் பொறுக்க முடியாத கதை.

ஆதம்பாக்கத்தில் அவருக்குச் சொந்த வீடு. புறவாசலில் நாலைந்து பெட்டைக் கோழிகள், அதுகளை அதட்டி மேய்க்க ஒரு சேவல். குஞ்சாக வந்ததிலிருந்து தன் கையால் தீனி போட்டு வளர்த்தார். அது அவர் காலையே சுற்றும். மருமகள் பூஜாவைக் கண்டால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். அவள் துணி காயப்போட வந்தால் போதும், கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எகிறி இரண்டு காலாலும் அடிக்கும். மாமியார் சண்முகவடிவுக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. ஆக, அந்த வீட்டில் துணி காயப்போடுவது பூஜா பாடு.

பாவம், அவள் என்னதான் செய்யவில்லை? பக்கத்து வீட்டு டெய்லர் சர்தார் பாய் சொன்னாரென்று உள்ளங்கையில் கம்பு வைத்து நீட்டினாள். சமர்த்தாகத் தின்றது. அப்பாடா, ராசியாகிவிட்டது என்று வாளியைத் தூக்கினாள். முதல் துணியிலேயே முழங்காலில் அடித்தது. கடைசியில், விரித்த குடையைக் காலுக்கு முன்னால் கவிழ்த்து வைத்துக்கொண்டு துணி காயப்போட ஆரம்பித்தாள்.

அதைத்தான் தனபாலன் தெருவெல்லாம் கடை பரப்பினார். மதில்மேல் கையூன்றிக்கொண்டு, "பாத்தீரா பாய், எம் மருமவ சேவலுக்குப் பயந்து குடையோட நிக்கா!" என்பார்.

"இன்னா அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல அம்மாம் பெரிய வேலை பாக்குது, ஒரு கோழிய சமாளிக்க முடியலியா?" என்று பாய் சிரிப்பார். பூஜா காதில் விழும். விழட்டும் என்றுதானே சொல்வதே!

போன மாதம் சேவலின் கால்முள் கெண்டைச்சதையில் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. பெசன்ட் நகரிலிருந்து அவள் அம்மா ஜானகி பதறியடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, அந்தச் சேவலை வேற யாருக்காவது குடுத்துடக் கூடாதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சேவலுக்கு ஆளு தரம் தெரியும் தங்கச்சி. என்னய அடிக்குதா? வடிவை அடிக்குதா? நீங்க பிள்ளையப் பயந்தாங்கொள்ளியா வளத்துட்டு சேவலக் குத்தம் சொன்னா எப்படி?"

ஜானகியின் முகம் சுண்டிப்போயிற்று. பெண்ணைக் கொடுத்தவள் என்ன பேசுவாள்? பூஜா தலையைக் குனிந்து தன் காலில் போட்டிருந்த மருந்துக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாப்பாட்டில் கை வைத்தபடி மகன் ஹரி சொன்னான்: "வேளச்சேரியில வீடு பாக்கறோம்ப்பா. இந்த வீட்டுல கோழிக்கு இருக்கற மரியாதை அவளுக்கு இல்ல."

"ஒரு சேவலுக்காகப் பெத்த பிள்ளைய அனுப்பப் போறீங்களா?" என்று சண்முகவடிவு அழுதாள். "போறவன் போகட்டும்" என்று தனபாலன் வீறாப்பாகச் சொன்னார். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆடித் தள்ளுபடி முடிந்த அலுப்பில் ஒரு நாள் அவர் கடைக்குப் போகாமல், புறவாசல் படியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். பூஜா வாளியோடு வந்தாள். மாமனார் எதிரில் குடையை விரிக்க வெட்கப்பட்டு அப்படியே நின்றாள். சேவல் அவள் காலடியில்தான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் வாளியை வைத்தாள், அவருடைய வேட்டியை எடுத்தாள், சுருக்கம் போகச் சடாரென்று ஒரு உதறு உதறினாள்.

சேவல் பாய்ந்தது. அவள் அலறிக்கொண்டு வேட்டியோடு மண்ணில் விழுந்தாள். அடித்த சேவல் மறுபடி அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தனபாலனிடம் ஓடிவந்தது. கழுத்தைச் சாய்த்து, கம்புக்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் காபி டம்ளரைப் படியில் வைத்துவிட்டார். தினமும் விடியுமுன், வீடு தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் விளையாடுகிற விளையாட்டு அது. கடையில் பெண்கள் முன்னால் துணியை ஒரே உதறில் விரித்துக் காட்டுகிற கைப்பழக்கத்தில், தோளில் கிடக்கும் துண்டைச் சேவலுக்கு முன்னால் உதறுவார். அது எகிறித் துண்டை அடிக்கும். "சபாஷ்லே!" என்று ஒரு பிடி கம்பை இறைப்பார். குஞ்சுப் பருவத்திலிருந்து சொல்லிக் கொடுத்த பாடம். இந்த வீட்டில் பூஜாவைத் தவிர வேறு யார் துணி உதறுகிறார்கள்?

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய் அவளைத் தூக்கிவிடக்கூட இல்லை. சேவலை அமுக்கிப் பிடித்து மூங்கில் கூடைக்குள் போட்டு மூடிக் கட்டினார். "கறிக்கடையில குடுத்துட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டினார். சேவல் போனால் சாட்சியும் போயிற்று. சீ, என்ன புத்தி!

பூஜா அழுதுகொண்டே வாசல்வரை ஓடிவந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, மண். "வேண்டாம் மாமா. ஆசையா வளர்த்தீங்க, எனக்காகவா அத வெட்டக் குடுக்கறீங்க? எனக்குத்தான் அதோட பழகத் தெரியல. சாரி மாமா."

அவள் செருப்பால் அடித்திருந்தால்கூடத் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இந்த 'சாரி'யை அவரால் தாங்க முடியவில்லை. கூடையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துச் சடாரென்று உதறினார். சேவல் உள்ளே பாய்ந்த பாய்ச்சலில் கூடையே ஒரு துள்ளு துள்ளியது.

"நாந்தாம்மா பழக்குனேன். தெனமும். துணிய உதறுனா அது பாயணும், பாஞ்சா கம்பு. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க அம்மா முன்னால நான் பேசுனது..." அந்த நீள வாய்க்கு அன்றைக்குத்தான் அளவு கிடைத்தது.

பூஜா கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. மன்னிக்கிற முகமாகவும் அது இல்லை. புறவாசலுக்குப் போய் ஈரத்துணி வாளியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அது இந்தப் பழக்கத்த மறக்கற வரைக்கும் நீங்களே காயப்போடுங்க மாமா. உதறாம போடுங்க. கம்பும் வேண்டாம். அம்மாகிட்டயும் நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க."

காயப்போட்டார். வேட்டி, சேலை, மருமகளின் சுடிதார், எல்லாம் சுருக்கத்தோடு கொடியில் ஏறின. கை தன்னால் உதறப் போகும், பிடித்துக்கொள்வார். திறந்துவிட்ட சேவல் பக்கத்திலேயே நின்று அந்தக் கையையே பார்த்தது.

மதிலுக்கு மேல் சர்தார் பாயின் தலை தெரிந்தது. "இன்னா அண்ணாச்சி, நீங்க துணி காயப்போட்டுக்கினு கீறீங்க? மருமக சேவலுக்கு பயந்துக்கினு உள்ள பூந்துக்கிச்சா?"

அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. அங்கே பூஜா நிற்பது அவருக்குத் தெரியும். ஈ என்று இளித்து மழுப்பிவிடலாம், பாய் ஒன்றும் துருவிக் கேட்கப்போவதில்லை.

தனபாலன் கையிலிருந்த சேலையைக் கொடியில் போட்டார். தெருவுக்கே கேட்கிற கடைக்குரலில் சொன்னார்: "இல்ல பாய். அவள அடிக்கச் சொல்லிச் சேவலுக்குப் படிச்சுக் குடுத்ததே நான்தான்."

தனபாலன் குனிந்து அடுத்த துணியை எடுத்தார்.