ஐம்பத்துமூன்றாம் நாள் புகை

நேமத்தான்பட்டிக் காசிவிஸ்வநாதன் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், சித்திரை முதல் தேதி காலை ஏழு மணிக்கு, அதுவரை சுவாசித்த புகை முழுவதையும் சட்டைக் கழுத்தின் வழியே வெளியேற்றத் தொடங்கினார். நாளுக்கு ஓர் ஆண்டு வீதம், பின்னோக்கி. நான்காம் நாள் மகன் திருமணத்து விறகடுப்புப் புகை எழுந்தபோது தெருவே பசித்து வந்து நின்றது. முப்பதாம் நாள் அவருடைய திருமண ஓமப்புகை. நாற்பத்தொன்றாம் நாள், சிவகங்கைக் கல்லூரியில் ஒளிந்து குடித்த சிகரெட்டுகள் அத்தனையும் தாயார் மெய்யம்மை ஆச்சியின் முன்னிலையில் வெளிவந்தன. "காசியண்ணே, படிக்கப் போனீகளா, புகைய விடப் போனீகளா?" என்றார் பக்கத்து வீட்டுச் சொக்கு. இதைப் பேயின் வேலை என்று எழுதிய நாளிதழ், வந்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காரைக்குடியில் அவர் போய்ப் பார்த்த மருத்துவர் அனுசுயா பேயைப் பற்றிப் பேசவில்லை. புகையின் நஞ்சை முறித்து வெளியேற்றும் நொதிகள் உடலில் உண்டு. அவற்றை உண்டாக்கும் மரபணு சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைபட்டு வரும். அத்தகையோருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வரலாம் என்று கருதுவோர் உண்டு, ஆய்வு இன்னும் முடியவில்லை என்றார். அவருக்குச் சிறுநீர் தடைப்படுவதால் இரத்தப் பரிசோதனை தேவை என்றும், குடும்பத்தில் யாருக்கேனும் அந்நோய் இருந்ததா என்றும் கேட்டார். காசிவிஸ்வநாதன் பெருமிதத்தோடு மறுத்தார். தந்தையான பெத்தாச்சி அப்பச்சி தொண்ணூற்றுமூன்று வயதுவரை நோயறியாதவர்; எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது; பரிசோதனை வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. இளையாத்தங்குடிக் கோயில் மாலையிட்டு ஆறு வயதில் பிள்ளை கூட்டப்பட்டவருக்கு, அதாவது தத்தெடுக்கப்பட்டவருக்கு, கூட்டிய வீடே வீடு. பெற்ற வீட்டைத் தம் வீடென்று சொல்வது வளர்த்த ஆத்தாவை அவமதிப்பது என்று ஐம்பத்துமூன்று ஆண்டுகள் நா காத்தவர் அவர்.

ஐம்பத்துமூன்றாம் நாள் முந்திரிக்கொட்டை ஓடு எரியும் காரமான புகை வீட்டு முற்றமான வளவை நிறைத்தது. அந்த வீட்டு அடுப்பில் அது ஒருநாளும் எரிந்ததில்லை. மெய்யம்மை ஆச்சி எழுந்து நின்றார். கூட்டி வந்த அன்று மாலையும் கழுத்துமாக நின்ற பிள்ளையின் தலையில் அந்த வாடை போகவேண்டுமென்று மூன்று முறை சீயக்காய் தேய்த்தவர் அவர். உடனே கார் வரவழைத்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவர்முன் போய் அமர்ந்தார்.

"டாக்டரம்மா, இது எங்க வீட்டுப் புகையில்ல. இவனைப் பெத்த வீட்டுப் புகை. அங்குட்டு இவனைப் பெத்த அப்பச்சியும் அவுக அண்ணனும் நீங்க சொல்ற அந்த நோயிலதான் போனாக. இவன் சொல்ல மாட்டான், எனக்காக. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

"ஆத்தா, வேணாம்."

"பேசாம இரு. தலையத்தான் கழுவுனேன். ரத்தத்தையா கழுவ முடியும்?"

அன்றே இரத்தம் எடுத்தார்கள். புற்றுக்கட்டி இருந்தது, ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை; ஆடியில் அறுவை, ஐப்பசியில் அவர் சைக்கிளில் கடைக்குப் போனார். மகன்களின் மருத்துவப் படிவங்களில் இப்போது இரண்டு வீடுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் சித்திரை முதல் தேதி காலை ஏழு மணிக்கு அவர் கழுத்தருகே முந்திரி ஓட்டுப் புகை ஒரு நூலளவு எழும். ஆறே முக்காலுக்கே மெய்யம்மை ஆச்சி வளவில் காயும் துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்.