நோல்வென் அறையின் ஹீட்டர்

கடைக்கு வருகிறவர்களிடம் சோலேன் எடுத்தவுடன் ஹீட்டரைக் காட்ட மாட்டாள். எத்தனை சுவர் வெளிப்பக்கம் பார்க்கிறது, காலையில் முதலில் எழுவது யார், யாருக்குக் கால் சில்லிடும் என்று சம்பந்தம் பேசுவதுபோல விசாரிப்பாள். மலிவானதைத் தூக்கப் பார்ப்பவரை, "அது ரொட்டி வாட்டத்தான் லாயக்கு, அணைச்ச நிமிஷமே ரூம் ஐஸ் ஆயிடும்" என்று மடக்கிவிடுவாள். பிரான்ஸின் ரென் நகரத்தில் பாதி வீடுகளின் கதகதப்பு தன் கைவேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

எர்வானோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு இது முதல் குளிர்காலம். அவன் மகள் நோல்வென் ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் இங்கே. வெள்ளிக்கிழமை அவள் வருமுன் அவள் அறை பத்தொன்பது டிகிரிக்கு வந்துவிடும். அவள் போனதும் ஹீட்டர் தானாகத் தணிந்து, சுவரில் ஈரம் பூக்காத அளவுக்கு மட்டும் ஓடும். சோலேன் ரசித்து ரசித்துச் செய்த ஏற்பாடு அது.

அந்தப் புதன்கிழமை அம்மாவின் வாரம். மதியம் பள்ளி இல்லை. விளையாட்டு ஷூவை எடுக்க வந்த நோல்வென் அறையைவிட்டு வெளியே வரவேயில்லை. சோலேன் எட்டிப் பார்த்தாள். நோல்வென் கோட்டும் கையுறையுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, கிளம்பலையா?"

"ராத்திரி இங்கயே இருக்கலாம்னு நினைச்சேன். ஆனா இது என் வாரம் இல்லன்னு ரூமுக்கே தெரிஞ்சிருக்கே."

"அது நான் செட் பண்ணினது..."

"தெரியும் சோலேன். லாட்ஜ்காரன்கூட இவ்வளவு கறாரா இருக்க மாட்டான்."

சோலேனுக்குச் சுருக்கென்றது. ஆளில்லாத அறைக்குச் சூடு வீண் என்று நாளைக்கும் கடையில் அடித்துச் சொல்வாள். ஆனால் ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள் இந்தப் பெண்ணிடம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"உன் போனைக் கொடு" என்று வாங்கி, அந்த அறையின் ஹீட்டரை அதில் இணைத்துக் கொடுத்தாள். "எங்க இருந்தாலும் இதுலயே கூட்டலாம், குறைக்கலாம். இனி இது உன் பொறுப்பு. நான் தொட மாட்டேன்."

"அப்பா கத்துவாரு."

"உங்கப்பாவுக்கு என்ன தெரியும்? போர்வைய இழுக்கத்தான் தெரியும்."

நோல்வென் சிரிக்கவில்லை. ஷூவை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

மறுநாள் காலை துவைத்த துணியோடு அந்த அறையைத் தாண்டும்போது, கதவுக்குக் கீழிருந்து பாதத்தில் வெதுவெதுப்பு பட்டது. திறந்து பார்த்தாள். யாருமில்லாத அறையில் ஹீட்டர் பத்தொன்பதில் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அதைக் குறைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே யாரோ தூங்குவதுபோல், கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.