மூன்றாவது அறையில் ஒன்றுமில்லை

அண்ணன் காவல்துறையில் வெடிமருந்து மோப்ப நாயை வழிநடத்துபவர். தங்கைக்குத் துறைமுகத்தில் அதே வேலை. ஆனால் அண்ணனுடைய நாயின் சான்றிதழ் துறைமுகத்தில் செல்லாது, தங்கையுடையதைக் காவல்துறை மதிக்காது. ஒரே லாரியை இரண்டு நாய்களும் தனித்தனியே மோந்த பிறகுதான் கதவு திறக்கும். இந்தக் கூத்து போதும், எல்லாருக்கும் ஒரே தேர்வு வைப்போம் என்று முடிவானபோது, விதி எழுதும் குழுவில் இருவரும் இருந்தார்கள். சண்டை சாப்பாட்டு மேசை வரை வந்தது.

"மருந்தை எங்க மறைச்சிருக்குன்னு எனக்கே தெரியக் கூடாதா?"

"உனக்கும் தெரியக் கூடாது, பக்கத்துல நிக்கிறவருக்கும் தெரியக் கூடாதுண்ணே. எத்தனை இருக்குன்னுகூட."

"ஒண்ணுமே இல்லாத அறையும் இருக்கலாம்னு சொல்லு!"

"இருக்கலாம்."

"நல்லா வெச்சீங்க போ!"

கடைசியில் தங்கை சொன்னதே விதியானது.

முதல் தேர்வு ஒரு காலிக் கிடங்கில். மறைத்து வைத்தவர் வெளியே கேமராத் திரை முன் உட்கார்ந்திருந்தார். நாய் தவறான இடத்தில் உட்கார்ந்து காட்டினால் மணி அடிப்பார். அண்ணனும் அவருடைய நாய் ராஜாளியும் முதலில் போனார்கள். இரண்டு அறைகளில் மளமளவென்று கண்டுபிடித்தாயிற்று. மூன்றாவதில் ஒரு பழைய அலமாரி. 'இதிலே இல்லாமலா?' என்று அண்ணனின் கால் ஒரு கணம் நின்றது. ராஜாளி அவர் முகத்தைப் பார்த்தது, உட்கார்ந்தது.

மணி அலறியது.

அண்ணன் முகம் சுண்டி வெளியே வந்தார். பேசிக்கொள்ளக் கூடாது. தங்கை தன் நாய் பொட்டுவோடு உள்ளே போனாள். மூன்றாவது அறையைப் பொட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. 'இன்னொரு சுற்று விடலாமா?' மனம் அடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இங்க ஒண்ணுமில்ல."

மணி அடிக்கவில்லை. கடைசி அறை வரைக்கும் அடிக்கவில்லை!

காவல்துறை அதிகாரி கொதித்தார். "எங்க நம்பர் ஒன் நாய் தோத்துச்சுன்னா தேர்வுலதான் கோளாறு."

"தேர்வுல கோளாறு இல்ல சார்," என்றார் அண்ணன். "என் கால்லதான். நான் நின்னேன், அது உக்காந்துச்சு. புது இடத்துல இன்னொரு தடவை விடுங்க."

மறுதேர்வு உண்டா என்று குழு எழுதவே இல்லை! எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"ஒரு தடவை உண்டு," என்றாள். "அண்ணனுக்காக இல்ல. யார் வந்தாலும் இதே விதி."

மதியம், பக்கத்துக் கட்டடம். தேர்வை முடித்துவிட்டதால் தங்கையும் திரை முன் நின்றாள். அண்ணன் வாரை நீளமாக விட்டு, எங்கும் நிற்காமல் நடந்தார். முதல் அறையில், "காலி!" என்று கேட்பதற்கு முன்பே கத்தினார். அடுத்ததில் ராஜாளி சட்டென்று திரும்பியது. ஒரு பீப்பாயின் அடியில் மூக்கை ஒட்டவைத்து உட்கார்ந்தது. அண்ணன் கூப்பிட்டும் அசையவில்லை.

"அப்படித்தான்டா செல்லம்!" தங்கை போட்ட சத்தத்தில் மறைத்து வைத்தவர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

மறுவாரம் துறைமுக வாசலில் ஒரு லாரியை ராஜாளி மட்டும் மோந்தது. தங்கை கையசைத்தாள். கதவு திறந்தது.

"பொட்டு பாக்க வேணாமா?" என்று டிரைவர் நம்பாமல் கேட்டார்.

"வேணாங்க," என்றாள். "போய்ட்டே இருங்க!"