கூப்பிடு தூரம்

ஊரில் எந்தக் கடை திறந்தாலும், எந்த மைதானத்தில் பந்தயம் நடந்தாலும் மைக்கைப் பிடிப்பவர் அவர்தான். வெண்கலம் என்றால்தான் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தை அவர் அறிவித்தால், அந்தக் குழந்தையே குனிந்து தன் சட்டையைச் சரிபார்த்துக்கொள்ளும் என்று ஒலிபெருக்கி கட்டுகிறவர் கேலி செய்வார். அப்படிப்பட்ட தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது ஒரு கட்டி. அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகப் போய்வரும், பேச்சு இருக்காது. ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டாருக்காகக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் யாரிடம் போய்ச் சொன்னார் பாருங்கள்.

மகள் தன் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, எதிரொலி அடங்கட்டும் என்று துணி அலமாரியையும் திறந்து வைத்து, மேசையில் மைக்கை வைத்தாள். எப்போதும் பேசுகிற மாதிரி சும்மா பேசுங்கள் என்றாள். அவர் தொண்டையைச் செருமினார், முதுகை நிமிர்த்தினார், மைக்கிலிருந்து ஒரு சாண் விலகினார். "அன்பு உள்ளம் கொண்ட என் அருமை மகளே" என்று ஆரம்பித்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும், சிவப்பு விளக்கு எரிந்ததும் உள்ளேயிருந்து அந்த வெண்கலமே எழுந்து வந்தது. மகள் சலித்துப்போய், எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் வைத்ததுதான் சட்டம். பாட்டுப் பாடினார். பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவுரை வழங்கினார். மனைவிக்கென்று ஒரு கவிதைகூட எழுதிப் படித்தார். கட்டில் கடைக்கு எழுதிக் கொடுத்த விளம்பர வரிகளின் வாடை அதில் அடித்தது. கடைசி வரியில் 'இன்றே' என்ற சொல் எப்படியோ நுழைந்திருந்தது. படிக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவளுக்குச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவளோ அப்புறம் கேட்கிறேன் என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். ஆள் பிழைப்பாரா என்றே நினைத்துக் கிடந்தவளுக்குக் கவிதை எங்கே காதில் ஏறும்?

கட்டி போயிற்று. குரலும் போயிற்று.

அவர் வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம், மனைவி மகளுடைய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவோரம் நின்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிதை ஓடியது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து தேடினாள்.

"இதுல இந்தான்னு கூப்பிடறது எங்கடி இருக்கு?" என்று மகளைக் கேட்டாள்.

வெண்கலம் வீட்டில் வெண்கலமாக இருந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் கொட்டிவிட்டு வந்த தொண்டையில் கொஞ்சம் கரகரப்புதான் மிச்சமிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது 'இந்தா' என்று ஒரு குரல் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். பசியா, கோபமா, தலைவலியா என்று அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பழைய வீடியோக்களையும் மகள் துழாவிப் பார்த்தாள். கேமராவைக் கண்டாலும் அவருக்கு மைக்கைக் கண்ட மாதிரிதான். எல்லாவற்றிலும் மேடைப் பேச்சு.

யாரோ வெளியாள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. குறை சொல்லும் தொனிகூட அதில் இல்லை. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது.

காற்றை விழுங்கி, உணவுக்குழாய் வழியாக மேலே கொண்டுவந்து பேசும் பயிற்சி ஒன்று ஆஸ்பத்திரியில் நடந்தது. சுலபமான சொற்களில் ஆரம்பியுங்கள் என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா. இவரோ ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வயிறு உப்பி வலிக்க வலிக்க மாதக்கணக்கில் பழகினார். கடைசியில் ஒருநாள் வந்தது. ஏப்பத்தின் மேல் ஏறி, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது. ஆனாலும் சொல் சொல்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார்.

மறுநாள் மாலை வெளியே போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். காற்றை விழுங்கினார்.

"இந்தா."

ஈரக் கையோடு அவள் ஓடி வந்தாள். யார் கூப்பிட்டது, என்ன சொல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அவர் பெருமையாக இன்னொரு முறை சொன்னார். அவள் ஈரக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டீங்கன்னு தெரியுது. மத்ததெல்லாம் பேசுங்க, கேக்கறேன். இது மட்டும் வேணாம். பழைய குரல் என் காதுல மட்டும்தான் இருக்கு. இப்பவே பாதி மறந்துபோச்சு. இதைக் கேக்கக் கேக்க அதுவும் போயிடும்."

கட்டியோடு சேர்த்துத் தன்னையும் எடுத்துப் போட்டிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. வாய் மூடியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். அவள் கையை எடுத்து, முந்தானையால் அவர் முகத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

"கை தட்டுங்க, வந்துடறேன்," என்றாள்.

அடுத்த நாள் மாலை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். எத்தனையோ மேடைகளில் அவர் பேசி முடித்ததும் ஊர் கை தட்டியிருக்கிறது, தானே தட்டியதில்லை. எப்படித் தட்டுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தட்டினார்.

"வரேன்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அவள்.