கதவுக்குப் பின்னால் மூன்று வெள்ளை

வாசலில் தடாலென்று ஏதோ விழுந்தது. கூடத்தில் அப்பாவின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருசேரத் திரும்பினார்கள்.

மூத்த மகள்தான் முதலில் எழுந்து போனாள். குவிந்து கிடந்த செருப்புகளின் மேல் ஓர் ஏணி. பக்கத்தில் பெயிண்ட் வாளியோடு ஒருவன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெலவெலத்து நின்றான்.

“தெரியாதுங்க. இன்னிக்கு வேலை ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருந்தாங்க.”

“யாரு சொன்னது?”

“என் கூட்டாளிகிட்ட சொன்னாங்களாம். போன வாரம் அவன்தான் வந்து சாம்பிள் அடிச்சுட்டுப் போனான். வெள்ளையில எது வேணும்னு நேர்ல சொல்றாங்கன்னான்.”

அதற்குள் தம்பி வந்துவிட்டான். “கிளம்புப்பா, அப்புறம் பேசிக்கலாம்” என்று ஏணியைத் தானே தூக்கித் தெருவோரம் சாய்த்தான்.

அப்புறம் பேசிக்கலாமாம். அவளுக்குச் சுருக்கென்றது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவளுக்கு. குடும்பத்தில் அவள் பெயரே ‘செக்கிங்’தான். டிக்கெட் எடுக்காதவன் பரிசோதகரைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். சமையலறையில் தம்பி பொண்டாட்டி இப்போது அப்படித்தான் குனிந்து, அடுக்கிய டம்ளர்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் நேரே உள் அறைக்குப் போனாள். பக்கவாதம் வந்து பேச்சு நின்றதிலிருந்து அப்பா படுத்துக் கிடந்த அறை. சுவர் முழுக்க அதே கரும்பச்சை. அப்பா ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்து அடித்த நிறம். யார் மாற்றச் சொன்னாலும், “வேண்டாம், இதுலதான் அழுக்கு தெரியாது” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

பச்சையில் வெள்ளைத் தீற்றல் ஒன்றுகூட இல்லை. சந்தேகத்தோடு கதவைச் சாத்தினாள்.

கதவுக்குப் பின்னால், சுவரில் மூன்று சதுரங்கள். ஒன்று பால் மாதிரி, ஒன்று லேசான சந்தன நிறம், ஒன்று சாம்பல் கலந்த வெள்ளை. கதவைத் திறந்து வைத்தால் யார் கண்ணிலும் படாது. வாரா வாரம் வந்து போன அவள் கண்ணிலும் படவில்லை.

நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“ஆள் எப்போ போவாருன்னு வாளியும் கையுமா காத்திருந்தீங்களா?”

“அண்ணி, மெதுவா. கூடத்துல கேக்கும்.”

“கேக்கட்டுமே. அறையை வாடகைக்கு விடப் போறீங்களா? இல்ல வீட்டையே தள்ளிவிடப் போறீங்களா?”

“அதெல்லாம் இல்ல அண்ணி.”

“அப்போ யாரு பெயிண்டரை வரச் சொன்னது?”

தம்பி பொண்டாட்டி வாயைத் திறந்தாள். கூடத்தின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“சொல்ல மாட்டே. சரி. அப்பா போன சூடு ஆறல, அதுக்குள்ள சுவத்தைப் பாக்கறவங்க நாளைக்கு அம்மாவை எப்படிப் பாப்பீங்க? இன்னிக்கே அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். அதோட இந்த வாசப்படிக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல.”

“அண்ணி, அத்தையை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“என் அம்மாவை நான் கேக்க வேண்டியதில்ல.”

உள் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து அம்மாவின் புடவைகளை எடுத்து ஒரு பையில் திணித்தாள். கடைசிப் புடவையை மடிக்க, கட்டிலை ஒட்டிக் கிடந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். அப்பா படுத்த நாளிலிருந்து அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருந்த முக்காலி.

மூன்று வெள்ளையும் நேராக அவள் முகத்தைப் பார்த்தன.

நிற்பவர்கள் பார்ப்பதற்கு அடித்தவை அல்ல. தம்பியும் அவன் பொண்டாட்டியும் நல்ல உயரம். அவர்கள் இவ்வளவு தாழ்வாக அடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முக்காலியில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். பாதி மடித்த புடவை மடியிலேயே கிடந்தது.

கதவு திறந்தது. அம்மா.

“அவர் கண்ணாடியை எங்க வச்சேன்? கண்ணாடி இல்லாம வேற யாரோ மாதிரி படுத்திருக்காரு.” தலையணைக்கு அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்தவள் நிமிர்ந்தாள். “பை யாருக்குடி?”

“உனக்குத்தான். இனிமே என்கூட வந்து இரு.”

“நான் எங்கடி வர்றது?” அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “பெயிண்டரை உன் தம்பி திருப்பி அனுப்பிட்டானாமே. இப்போ விட்டா அந்த ஆளைப் பிடிக்க முடியாது.”

அவள் மடியிலிருந்த புடவையைக் கட்டிலில் வைத்தாள். சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

“அவளை ஏம்மா சொல்ல விடல?”

“அவ எதுக்குச் சொல்லணும்? சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். வாயைத் திறக்கல, நல்ல பொண்ணு.”

அம்மா கையை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். வெள்ளைகளையே பார்த்தாள்.

“பால் கலர் பகல்ல நல்லா இருக்கு, லைட் போட்டா கண்ணு கூசுது. சந்தனம் ராத்திரியில அழுக்கு மாதிரி தெரியுது. சாம்பல்தான் ரெண்டுக்கும் சரி.”

“அப்பா உயிரோட இருக்கும்போதேவாம்மா?”

அம்மா கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபக்கமும் துடைத்தாள்.

“கதவைச் சாத்தி, இதை மாட்டிவிட்டு, அவர்கிட்டயும் காட்டிக் கேட்டேன்டி. ரொம்ப நேரம் பாத்தாரு. வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாய் வரல.”