குளிர்ச் சோஃபி போகும் வரை

எங்கள் மலைமேட்டில் மே மாதத்தை நம்புகிறவன் முட்டாள். வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆப்பிள் மரம் பூத்துத் தள்ளும், ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிவார்கள். அப்புறம் மாத நடுவில் குளிர்ப் புனிதர்களின் திருநாட்கள் வரிசையாக வரும். பங்க்ராஸ், செர்வாஸ், போனிஃபாஸ், கடைசியாகப் பதினைந்தாம் தேதி சோஃபி. இவர்களில் யாராவது ஒருவர் உறைபனியைக் கொண்டுவந்து கொட்டாமல் போனதில்லை. அதனால் சோஃபி போகும் வரை இங்கே யாரும் தக்காளி நாற்றைக்கூட மண்ணில் வைப்பதில்லை.

பக்கத்து வீட்டு க்ரைனர் மே முதல் வாரமே தன் கஞ்சா நாற்றுகளைத் தோட்டத்தில் நட்டார்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவன் லோதார் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"சொல்லிடட்டுமா, இர்மி?"

"வாயைத் திறந்தே, இன்னிக்கு உனக்குச் சோறு தண்ணி கிடையாது."

"பாவம், மூணே மூணு நாத்து."

"நம்மகிட்ட அன்னிக்கு நாலுதான் இருந்துச்சு."

அன்றைக்கு என்றால் இருபது வருஷத்துக்கு முன்னால். கஞ்சா வளர்ப்பது குற்றமாக இருந்த காலம். அவரைப் பந்தலுக்குப் பின்னால் லோதார் ஒளித்து வைத்திருந்த நாலு செடியையும், அப்போது இங்கே போலீஸ்காரராக இருந்த க்ரைனர்தான் வந்து வேரோடு பிடுங்கினார். மண்ணை நன்றாக உதறிவிட்டுச் சாக்கில் போட்டார். எங்கள் மண்ணை எங்களுக்கே விட்டுப் போகிற பெருந்தன்மை! லோதாரின் ஓட்டுநர் உரிமம் போயிற்று. அவன் ஓட்டிக்கொண்டிருந்தது பள்ளிப் பேருந்து, அதுவும் போயிற்று. நான் ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்தேன். பிறகு ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றேன், இன்னும் நிற்கிறேன்.

"அவர் கடமையைத்தானே செஞ்சார்" என்பான் லோதார். செய்யட்டும். அதற்காக நான் பல்லைக் காட்ட வேண்டுமா? அன்றிலிருந்து வேலிக்கு மேல் ஒரு சொல் போனதில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது. வயது வந்தவர்கள் வீட்டில் ஆளுக்கு மூன்று செடி வைத்துக்கொள்ளலாம். எங்கள் இருவருக்கும் ஆறு. லோதார் தினமும் காலையில் தொட்டிகளை வெயிலுக்குத் தூக்கிப் போவான், சாயங்காலம் உள்ளே கொண்டுவருவான். பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பழக்கம் அவனை விடவில்லை.

க்ரைனர் மலைக்குக் கீழே பாடன் பக்கத்து ஆள். அந்தத் திராட்சைச் சமவெளியில் ஏப்ரலிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். இங்கே இத்தனை வருஷம் குடியிருந்தும் புல்லைத் தவிர எதையும் வளர்க்காத மனுஷன். யாரையும் கேட்டிருக்கவும் மாட்டார், வெட்கம்.

அந்த வாரம் அவர் கடைக்கு வந்தார். ரொட்டிப் பையை நீட்டினேன். வாங்கினார், பை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"விரல் நுனியில உணர்ச்சியே இல்ல" என்றார் தரையைப் பார்த்தபடி. "புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து. நோய் போச்சு, நரம்பும் சேர்ந்து போச்சு. ராத்திரியில பாதம் ரெண்டும் தணல்ல வச்ச மாதிரி எரியுது. தூங்கியே மாசக்கணக்காச்சு."

"டாக்டர் ஒண்ணும் தரலையா?"

"கஞ்சா எழுதித் தரேங்கறார். மருந்துக் கடையில போய் நின்னு, நான், அதை எப்படிக் கேக்கறது? ஊர்ல பாதிப் பேரைப் பிடிச்சவன் நான்."

"பாதிப் பேரைப் பத்தித் தெரியாது. எங்க வீட்டுல ஒருத்தரைப் பிடிச்சீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வீட்டுலயே மூணு நட்டிருக்கேன். அது பிழைச்சா இலையுதிர் காலத்துலேர்ந்து தூங்கலாம்."

சோஃபியைப் பற்றிய பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் கோபம் அப்படி.

பதினாலாம் தேதி சாயங்காலம் காற்று நின்றது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. லோதார் சீக்கிரமே ஆறு தொட்டியையும் உள்ளே கொண்டுவந்தான்.

"இன்னிக்குப் பனி அடிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

க்ரைனருக்கு வானொலி சொல்லியிருக்க வேண்டும். தோட்டக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சிரமப்பட்டு மண்டி போட்டார். நாற்றுகளைத் தோண்டி உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. முதல் நாற்றின் தண்டு முறிந்தது. முறிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை, கையை உயர்த்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிறகு இரண்டாவது நாற்றுக்கு நகர்ந்தார்.

கத்தியைப் போட்டுவிட்டு, கொல்லையிலிருந்த வாளிகளையும் பழைய போர்வை ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தோட்டத்து வாசல் கதவைத் திறந்தேன்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். "பிடுங்கறது ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும்!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கைகளை நான் எத்தனை வருஷம் வெறுத்திருக்கிறேன்! இப்போது பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"தோண்டினா வேர் அறுந்துடும். கவிழ்த்து மூடினாப் போதும்" என்று சொல்லி, மிச்சம் இரண்டின் மேலும் வாளியைக் கவிழ்த்தேன். மேலே போர்வையைப் போட்டுக் கல்லை வைத்தேன்.

"எங்க ஊர்ல இந்நேரம் எல்லாம் வெளியில..."

"உங்க ஊர் பாடன். இது மலை. இங்க சோஃபி போனப்புறம்தான் நடணும்."

"எந்தச் சோஃபி?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் திருதிருவென்று விழித்தார். அந்தக் குளிரில் நின்று புனிதர்கள் எல்லோரையும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.

மறுநாள், சோஃபியின் திருநாள், காலையில் புல்லெல்லாம் வெள்ளை. லோதாரும் என்னோடு வந்தான். வாளிகளை எடுத்தோம். இரண்டும் நின்றுகொண்டிருந்தன, ஒன்றில் மட்டும் ஓர் இலை துவண்டிருந்தது.

"ரெண்டு போதும்" என்றார் க்ரைனர். போதாது என்று குரலே சொல்லிற்று.

லோதார் வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு தொட்டி. எங்கள் ஆறில் நன்றாகத் தழைத்தது அதுதான்.

க்ரைனர் ஓரடி பின்னால் போனார். "வேண்டாம், லோதார். இதை இன்னொருத்தருக்குக் கைமாத்தக் கூடாது. சட்டம்."

"தெரியும்" என்றான் லோதார். "கேஸ் எழுதிக்குங்க."

க்ரைனர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்களை நம்பாமல், முழங்கையை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்து வாங்கிக்கொண்டார்.

"எங்க நடறது?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னிக்கு வீட்டுக்குள்ளயே வைங்க" என்றேன். "சோஃபி இன்னும் போகல."